மாற்றுச் சிறுநீரகம் ஓய்ந்த பிறகு எந்த டயாலிசிஸ்?

வைத்த கிட்னி ஒரே நாளில் நிற்பதில்லை. 1.4-இல் இருந்த கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவு) 2 ஆகும், அங்கேயே ஒரு வருஷம் நிற்கும், பிறகு 3-ஐத் தொடும். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். "போன மாசம் 3.2, இந்த மாசம் 3.1, குறைஞ்சிருக்கு" என்று எல்லாரும் அந்த 0.1-ஐப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அம்மாவோ அண்ணனோ கொடுத்த கிட்னியாக இருந்தால் அந்த மௌனம் இன்னும் கெட்டி. கடைசியில் ஒரு ராத்திரி மூச்சு முட்டி, மும்பையில் சயானிலோ பரேலிலோ கேஷுவாலிட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, கழுத்து நரம்பில் லைன் என்ற அவசரக் குழாய் போட்டுத்தான் டயாலிசிஸ் தொடங்குகிறது. இந்தப் பதிவு அந்த ராத்திரியைத் தவிர்ப்பதற்காக.

முதல் டயாலிசிஸும் இதுவும் ஒன்றல்ல. முதல் தடவை இல்லாத மூன்று விஷயங்கள் இப்போது உடம்பில் இருக்கின்றன: எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை, ஏற்கெனவே ஊசி வாங்கிய பழைய நரம்புகள், ஓய்ந்துகொண்டிருந்தாலும் இன்னும் கொஞ்சம் யூரின் கொடுக்கும் கிட்னி. எந்த டயாலிசிஸ் என்ற கேள்விக்கு இந்த மூன்றையும் வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். "பழைய மாதிரியே வாரம் மூணு நாள் போயிட்டு வந்துடலாம்" என்பது பதில் ஆகாது.

எப்போது பேசத் தொடங்க வேண்டும்? கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் எண் 20-க்கு இறங்கும்போது. ரிப்போர்ட்டில் அந்த எண் இல்லாவிட்டால் இப்படிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 45 வயது ஆணுக்கு கிரியேட்டினின் ஏறத்தாழ 3.6, அதே வயதுப் பெண்ணுக்கு 2.8. பெண்களுக்கு எண் சின்னதாகத் தெரிவதால் "இன்னும் மூணுகூட ஆகலையே" என்று தள்ளிப்போடுகிறார்கள். கிட்னி நிலைமை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இந்தக் கட்டத்தில் டயாலிசிஸ் தொடங்க வேண்டியதில்லை. முடிவெடுக்க வேண்டும், அவ்வளவுதான். தொடங்குவதை உடம்பு சொல்லும்: சாப்பாடு பிடிக்காமல் போவது, காலையில் குமட்டல், படுத்தால் மூச்சு வாங்குவது, மாத்திரைக்கு அடங்காத வீக்கம், திரும்பத் திரும்ப ஏறும் பொட்டாசியம். பெரும்பாலும் ஈஜிஎஃப்ஆர் 5-க்கும் 10-க்கும் நடுவில் இவை வரும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைப்பது) போட்டால் நரம்பு தடித்துப் பழுக்க 6 வாரத்திலிருந்து 3 மாதம் ஆகும், முதல் ஆபரேஷன் சரிவராமல் இரண்டாவது போட வேண்டியும் வரலாம். அதனால் ஆறு மாத அவகாசம் என்பது ஆடம்பரம் இல்லை.

கையிலிருந்து தொடங்குவோம்

பழைய ஃபிஸ்டுலா இருந்தால் அதுதான் முதல் சொத்து. மாற்று அறுவைக்குப் பிறகு சிலருக்கு அது தானாக அடைத்திருக்கும், சிலருக்கு வீக்கத்துக்காகவோ இதயத்துக்குப் பாரம் என்றோ கட்டிவிட்டிருப்பார்கள், சிலருக்கு பத்து வருஷம் கழித்தும் ஓடிக்கொண்டிருக்கும். ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே வீட்டில் கையால் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளங்கையை அதன் மேல் லேசாக வையுங்கள். பூனை குறுகுறுப்பது மாதிரி விடாமல் அதிர்ந்தால் ரத்தம் ஓடுகிறது. அதிர்வு இல்லாமல் நாடி மாதிரி தட்டித் தட்டி அடித்தால், மேலே எங்கோ சுருக்கம் இருக்கிறது, ரத்தம் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒன்றுமே இல்லை என்றால் அடைத்துவிட்டது. அடுத்து, கையை தலைக்கு மேல் தூக்குங்கள். புடைத்த நரம்பு வற்றித் தட்டையாக வேண்டும். வற்றாமல் புடைத்தே நின்றால் ரத்தம் போகும் வழியில் அடைப்பு. மூன்றாவது, கையை இறக்கிவிட்டு, ஃபிஸ்டுலாவுக்கு நாலு விரல் மேலே நரம்பை ஒரு விரலால் அழுத்தி மூடுங்கள். கீழே துடிப்பு பலமாக எழ வேண்டும். எழவில்லை என்றால் ரத்தம் உள்ளே வருவதே குறைவு. மூன்றுக்கும் சேர்த்து இரண்டு நிமிஷம்கூட ஆகாது. இதில் எது தவறினாலும் டாப்ளருக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். சுருக்கத்தைப் பலூனால் விரித்து, பழைய ஃபிஸ்டுலாவையே மீட்கலாம். முழுக்க அடைத்துப் பல மாதம் ஆனபின் அந்த வாய்ப்பு போய்விடும்.

கை முழுக்க வீங்கி, தோளிலும் மார்பிலும் நீல நரம்புகள் படர்ந்து தெரிந்தால் விஷயம் வேறு. முன்பு கழுத்திலோ காறை எலும்புக்குக் கீழோ போட்ட லைன் நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய நரம்பைச் சுருக்கியிருக்கலாம். அந்தப் பக்கக் கையில் புது ஃபிஸ்டுலா போட்டால் கை இன்னும் வீங்கும். முதலில் நெஞ்சு நரம்பைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

புதிதாகப் போட்டால் அது பழுத்ததா என்பதற்கு ஆறாறு கணக்கு ஒன்று உண்டு: 6 வாரத்தில் நரம்பின் குறுக்களவு 6 மில்லிமீட்டர், தோலுக்குக் கீழே 6 மில்லிமீட்டருக்குள், ரத்த ஓட்டம் நிமிஷத்துக்கு 600 மில்லி. ஆபரேஷனுக்குப் பிறகு ரப்பர் பந்தை அமுக்கும் பயிற்சி செய்யச் சொல்வது இதற்குத்தான். ஸ்டீராய்டு பல வருஷம் சாப்பிட்டவர்களின் தோல் பேப்பர் மாதிரி மெலிந்திருக்கும். முதல் சில வாரம் 17 நம்பர் மெல்லிய ஊசியில், அனுபவமுள்ள கையால் குத்துவது நல்லது. நரம்பு சரியில்லாதவர்களுக்குச் செயற்கைக் குழாய் வைத்த கிராஃப்ட் உண்டு. 2 முதல் 4 வாரத்தில் பயன்படுத்தலாம், ஆனால் அடைப்பும் தொற்றும் ஃபிஸ்டுலாவைவிட அதிகம்.

கிட்னி இறங்குகிறது என்று தெரிந்த நாளிலிருந்து, எழுதாத கையின் நரம்பைக் காப்பாற்றுங்கள். லேபில் ரத்தம் எடுப்பதும் சலைன் ஊசி போடுவதும் புறங்கையில் மட்டும். வார்டில் அவசரத்தில் யார் கை நீட்டினாலும் சொல்லிவிட வேண்டும். நர்ஸ் மலையாளியாக இருந்தால் தமிழிலேயே புரியும், இல்லாவிட்டால் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "இஸ் ஹாத் ஸே கூன் மத் நிகாலியே, ஃபிஸ்டுலா கா ஹாத் ஹை" (இந்தக் கையில் ரத்தம் எடுக்காதீர்கள், ஃபிஸ்டுலா கை).

அவசரத்தில் லைன் போட நேர்ந்தால் வலது கழுத்து நரம்புதான் முதல் இடம். தொடையில் போட வேண்டாமே என்று கேளுங்கள். இது முதல் டயாலிசிஸ்காரர்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம் இல்லை, உங்களுக்குப் பெரிய விஷயம். மாற்றுக் கிட்னி அடிவயிற்றில் இடுப்பு ரத்தக் குழாயோடுதான் இணைக்கப்படுகிறது. ஒரு பக்கம் பழைய கிட்னி இருக்கிறது, அடுத்தது மறுபக்கம் வைக்க வேண்டியிருக்கும். தொடை லைனால் அந்த நரம்பில் ரத்தம் உறைந்தால் அடுத்த மாற்றுக்கு இடமே இல்லாமல் போகலாம். பெர்ம்கேத் என்ற நீண்டகால டயாலிசிஸ் குழாயை நாள்பட வைத்திருப்பதும் உங்களுக்குக் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் தொற்றைத் தடுக்கும் சக்தியை மாத்திரை அடக்கி வைத்திருக்கிறது. ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு உள்ளே சீழ் பிடித்தாலும் காய்ச்சல் லேசாகத்தான் வரும். பெர்ம்கேத் இருக்கும்போது 100.4 டிகிரி காய்ச்சல், அல்லது மெஷினில் ஏறியதும் குளிர் நடுக்கம் என்றால் குரோசின் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். ஆண்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும்.

வயிற்று டயாலிசிஸ்: பலர் கேட்காமலே விட்டுவிடும் வழி

"ஏற்கெனவே வயித்துல ஆபரேஷன் ஆயிடுச்சு, வயித்து டயாலிசிஸ் ஆகாது" என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் அது தவறு. கிட்னி வைக்கும்போது வயிற்று உறைக்கு வெளியில்தான் வைக்கிறார்கள். உறை கிழியாமல் இருந்தால், உள்ளே நீரை நிரப்பி வடித்து, அதை வடிகட்டியாகப் பயன்படுத்தத் தடையில்லை. குடலில் பெரிய ஆபரேஷன், சரிசெய்யாத குடலிறக்கம், உள்ளே ஒட்டுதல் இருந்தால்தான் சிக்கல். மாற்று தோற்றவர்களும் மற்றவர்களைப் போலவே இதில் நன்றாக ஓட்டுகிறார்கள்.

என் பார்வையில், தினமும் அரை லிட்டருக்கு மேல் யூரின் போகிற, வேலைக்குப் போக வேண்டிய, கையில் நரம்பு இல்லாத ஒருவர் இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். மீதமிருக்கும் யூரினை இது கூடுதல் நாள் காப்பாற்றும், கை நரம்பும் மிச்சமாகும், பொட்டாசியக் கட்டுப்பாடும் தளர்வு, வாழைப்பழம்கூடப் பலருக்கு அனுமதிப்பார்கள். ரயிலில் தொங்கிக்கொண்டு டோம்பிவ்லியிலிருந்து வாரம் மூன்று தடவை வர வேண்டாம்.

டெங்காஃப் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைத் தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்து, ஆற 2 வாரம் விடுவார்கள். ஸ்டீராய்டால் புண் மெதுவாக ஆறும் என்பதால் அவசரப்படாமல் இருப்பது நல்லது. சீக்கிரம் நிரப்பினால் குழாயைச் சுற்றிக் கசியும். பிறகு ஒன்றிரண்டு வாரப் பயிற்சி. கையால் செய்யும் முறையில் ஒரு நாளைக்கு வழக்கமாக 2 லிட்டர் டயாலிசிஸ் நீர்ப் பை நாலு. சைக்கிளர் மெஷின் என்றால் ராத்திரி தூங்கும்போது எட்டு, ஒன்பது மணி நேரம்.

பத்துக்குப் பத்து கோலியில் (ஒற்றை அறை வீட்டில்) இது முடியுமா என்று தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் கேட்பார்கள். முடியும், ஒழுங்கு வேண்டும். மாதத்துக்கு 120 பை என்றால் 240 லிட்டர், அதாவது கால் டன். மாடிப்படி ஏணி மாதிரி இருக்கும் வீட்டில் பெட்டிகளை யார் ஏற்றுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், மாதம் இரண்டு தடவையாகப் பிரித்து வாங்குங்கள். பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள், ஈரம் ஏறும். மரப்பலகையில் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். குழாய்த் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும் என்றால் கை கழுவுவதற்கென்று குழாய் வைத்த மூடிய டிரம் ஒன்று மோரி (கழுவும் மூலை) பக்கத்தில் தனியாக இருக்கட்டும். குடத்தில் கை விட்டு மொண்ட தண்ணீரில் கழுவுவது கழுவுவதே ஆகாது.

ஒரு தடவை மாற்றுவது இப்படி. ஃபேனை நிறுத்து, ஜன்னலைச் சாத்து, பிள்ளைகளை வெளியே அனுப்பு. மாஸ்க் கட்டு, வீட்டில் உடன் இருப்பவருக்கும். மோதிரம், வாட்ச் கழற்றி, சோப்பு போட்டு இரண்டு நிமிஷம் கழுவி, நன்றாகத் துடை. கை ஈரம்தான் கிருமிக்கு வண்டி. புதுப் பையில் சர்க்கரை அளவு 1.5-ஆ, 2.5-ஆ, 4.25-ஆ என்று பார், தேதி பார், அமுக்கிப் பார்த்துக் கசிவு இல்லை என்று உறுதி செய். பையை உலர்ந்த சூட்டில்தான் வெதுவெதுப்பாக்க வேண்டும், வெந்நீர்ப் பாத்திரத்தில் போடக் கூடாது. இணைக்கும் முனையை விரலோ சட்டையோ தொட்டால் அந்தப் பை வீண், விலையைப் பார்க்காதே. பழைய நீர் வடிய 20 நிமிஷம். பிறகு புது நீரை ஐந்து விநாடி வடிகால் பைக்குள் ஓடவிட்டுக் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்று. உள்ளே நிரம்ப 10 நிமிஷம். கழற்றி, அயோடின் உள்ள புது மூடியைப் போடு. பழைய மூடி திரும்ப வேண்டாம்.

வடிந்த பையைக் கொட்டுவதற்கு முன் ஒரு பேப்பரின் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகப் படிக்க வந்தால் சரி. கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கி எழுத்து மங்கினால், வயிறு வலிக்காவிட்டாலும், அது வயிற்று உறைத் தொற்றுதான் என்று வைத்துக்கொண்டு அன்றைக்கே யூனிட்டுக்குப் போன் செய்யுங்கள். கலங்கிய பையைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 100-க்கு மேல், அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்றால் தொற்று உறுதி. ஆண்டிபயாடிக்கைப் பையிலேயே கலந்து கொடுப்பார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் குழாயையே எடுக்க வேண்டி வரும்.

நீர் உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறதா? பத்தில் பல தடவை காரணம் மலச்சிக்கல். குடல் நிரம்பி குழாயை நகர்த்துகிறது. லாக்டுலோஸ் சிரப் வேலை செய்யும். வெள்ளை நூல் மாதிரி மிதந்தால் அது ஃபைப்ரின் என்ற புரதம், யூனிட்டில் சொல்லி, உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் கலக்க வேண்டும்.

சுகர் உள்ளவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற பை பயன்படுத்தினால், சில வகை குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் மால்டோஸையும் சர்க்கரை என்று எண்ணி 90 இருப்பதை 200 என்று காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஐகோடெக்ஸ்ட்ரினோடு சேரும் மீட்டர் எது என்று யூனிட்டில் கேட்டு அதையே வாங்குங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே முதலில் சொல்ல வேண்டிய விஷயமும் இதுதான்.

மெஷின் டயாலிசிஸ்

இது தெரிந்த வழி, அதனால் சுருக்கமாக. வாரம் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். செலவுக்காக வாரம் இரண்டு என்று ஓட்டுபவர்கள் மும்பையில் நிறையப் பேர். யூரின் நன்றாகப் போகும்வரை, 24 மணி நேர யூரினை மாதாமாதம் அளந்து பார்த்து, அப்படி ஓட்டலாம். யூரின் குறைந்ததும் மூன்றுக்கு மாறியே ஆக வேண்டும். யூரின் எவ்வளவு என்று அளக்காமல் இரண்டில் நிற்பது தவறு.

உங்கள் சார்ட்டில் இரண்டு எண்களைக் கேளுங்கள். ரத்தம் எவ்வளவு சுத்தமானது என்று காட்டும் கேடி பை வி ஒரு தடவைக்கு 1.2-க்குக் குறையக் கூடாது. இன்னொன்று நீர் எடுக்கும் வேகம், கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் வேண்டாம். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 780, நாலு மணி நேரத்தில் சுமார் 3.1 லிட்டர். நாலரை லிட்டர் ஏற்றிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் எடு என்றால் பிபி விழும், காலைப் பிடித்து இழுக்கும், மிச்சமிருக்கும் யூரினும் சீக்கிரம் நிற்கும்.

இங்கேதான் மாற்று செய்துகொண்டவர்களின் பழைய பழக்கம் இடறுகிறது. இத்தனை வருஷம் "தினம் மூணு லிட்டர் தண்ணி குடிங்க" என்று சொல்லி வளர்த்த பழக்கம். பாட்டில் கையிலேயே இருக்கும். இனி கணக்கு, நேற்றுப் போன யூரின் அளவோடு அரை லிட்டர். அதில் ரசம், மோர், காபி, இட்லியோடு விடுகிற சாம்பார் எல்லாம் அடக்கம். உப்பைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைக்க முடியாது: அப்பளம், ஊறுகாய், கருவாடு, பம்பில் சுக்கா (காய்ந்த பாம்பே டக் மீன்), வடாபாவ் மேல் தூவும் காரப்பொடி எல்லாம் தாகத்தைத் தூண்டும். "லோ சோடியம்" உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், தொடாதீர்கள். இளநீர் வேண்டாம். பள்ளிக்கூட வாசல்களில் மிளகாய்ப்பொடி தூவி விற்கும் நட்சத்திரப் பழம், கமரக், ஒரு துண்டுகூட வேண்டாம். அதிலுள்ள நச்சை ஓய்ந்த கிட்னியால் வெளியேற்ற முடியாது. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி டயாலிசிஸ்காரர்களுக்கு இரட்டை டோஸ், 40 மைக்ரோகிராம், 0, 1, 2, 6 மாதங்களில். மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது சரியாகப் பிடிக்காமல் போகலாம், டைட்டர் (ரத்தத்தில் உருவான ஆன்டிபாடி அளவு) 10-க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டயாலிசிஸ் தொடங்கும் முன்பே போட்டால் பிடிக்கும் வாய்ப்பு கூடுதல்.

வீட்டிலேயே மெஷின் வைப்பதும் உண்டு. ஒரு தடவைக்கு டயாலிசிஸ் திரவம் மட்டும் 120 லிட்டர், ஆர்ஓ வீணாக்கும் தண்ணீர் தனி. தண்ணீரும் இடமும் இருக்கிறவர்களுக்கு அது நல்ல வழி. வயது மிக முதிர்ந்து, இதயமும் தளர்ந்து, டயாலிசிஸ் நாட்களைக் கூட்டாமல் வேதனையை மட்டும் கூட்டும் நிலையில் உள்ளவர்களுக்கு, டயாலிசிஸ் இல்லாமல் மூச்சுத் திணறலையும் அரிப்பையும் குமட்டலையும் மருந்தால் அடக்கிப் பார்த்துக்கொள்வதும் முறையான வைத்தியம்தான். பெரியவரிடமே கேட்டு முடிவெடுங்கள், அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு அல்ல.

மாத்திரையை நிறுத்தலாமா?

"கிட்னிதான் போயிடுச்சே, இந்த மாத்திரை எதுக்குங்க இன்னும்?" டயாலிசிஸ் தொடங்கிய முதல் மாதத்தில் வீட்டுக்காரம்மா கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி, மாதச் செலவு அப்படி. ஆனால் நீங்களாக நிறுத்தினால் நடப்பது இது: உடம்பு அந்தக் கிட்னியை முழு மூச்சாகத் தாக்கும். காய்ச்சல் வரும், வைத்த இடம் வீங்கி வலிக்கும், யூரினில் ரத்தம் வரும். சிலருக்கு இவை எதுவும் இல்லாமல் ஹீமோகுளோபின் மட்டும் ஏறவே ஏறாது. ரத்தம் ஊறவைக்கும் எரித்ரோபொய்ட்டின் ஊசி எவ்வளவு போட்டாலும் 8-லேயே நிற்கும், ரத்தத்தில் அல்புமின் புரதம் இறங்கும், அழற்சியைக் காட்டும் சிஆர்பி உயர்ந்தே இருக்கும். காரணம் தெரியாமல் பல மாதம் அலைவார்கள், காரணம் அடிவயிற்றில் புகைந்துகொண்டிருக்கும் பழைய கிட்னி. அதோடு, ரத்தத்தில் எதிர் ஆன்டிபாடிகள் பெருகி அடுத்த மாற்றுக்குப் பொருத்தம் கிடைப்பதே அரிதாகிவிடும்.

முழுதாகத் தொடர்வதும் தீர்வல்ல. தொற்று, புற்றுநோய், சுகர் ஆபத்து தொடர்ந்துகொண்டே இருக்கும். இதில் உறுதியான ஆய்வுச் சான்று குறைவு, 2022-இல் கேடிகோ என்ற சர்வதேச கிட்னி அமைப்பு கூட்டிய நிபுணர்கள் மாநாடும் இதே சிக்கலைத்தான் பேசியது. பரவலாகக் கடைப்பிடிக்கும் வழி இது: கொடையாளர் தயாராக இருந்து ஒரு வருஷத்துக்குள் அடுத்த மாற்று நடக்கலாம் என்றால், அடக்கும் மாத்திரைகளில் மைக்கோஃபீனலேட் அல்லது அசதயோபிரினைக் குறைத்து அல்லது நிறுத்தி, டாக்ரோலிமஸைத் தொடர்வார்கள். மாற்று உடனே இல்லை என்றால் முதலில் மைக்கோஃபீனலேட், பிறகு சில மாதங்களில் படிப்படியாக டாக்ரோலிமஸ், கடைசியாக ஸ்டீராய்டு என்ற வரிசையில் நிறுத்துவார்கள். யூரின் நன்றாகப் போகும் வயிற்று டயாலிசிஸ்காரர்களுக்கு அந்த யூரினைக் காப்பாற்றுவதற்காகவே கொஞ்ச நாள் கூடுதலாகத் தொடரும் டாக்டர்களும் உண்டு. விடாத தொற்று, மாற்றுக் கிட்னியைத் தாக்கும் பிகே வைரஸ், புற்றுநோய் என்றால் வேகமாகக் குறைக்க வேண்டும்.

ஸ்டீராய்டு தனிக் கதை. வருஷக்கணக்கில் 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் சாப்பிட்டவரின் அட்ரினல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். மாதத்துக்கு 1 மில்லிகிராம் என்ற மாதிரி மெதுவாக இறக்கி, காலை 8 மணிக்கு, மாத்திரைக்கு முன், கார்டிசால் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு டயாலிசிஸிலும் பிபி விழுகிறது, வாந்தி, அசதி, சுகர் 60-க்கு இறங்குகிறது என்றால் டிரை வெயிட்டை (நீர் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடையை) மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஸ்டீராய்டு எப்போது நிறுத்தியது என்று டெக்னீஷியனிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். நின்று ஒரு வருஷம் ஆனவருக்கும் பெரிய காய்ச்சல், ஆபரேஷன் சமயத்தில் திரும்பத் தேவைப்படலாம்.

இன்னொரு சிக்கல், இந்த ஊரில் காசநோய் அதிகம். காய்ச்சலும் எடைக் குறைவும் வந்தால் அது கிட்னி தாக்குதலா, டிபியா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். டிபிக்கான ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு இரண்டின் அளவையும் ரத்தத்தில் கவிழ்த்துவிடும். கிளாரித்ரோமைசின், டில்டியாசெம், பூஞ்சை மாத்திரைகள் எதிர்ப்பக்கமாக டாக்ரோலிமஸை ஏற்றிவிடும்.

ஓய்ந்த கிட்னியை வெட்டி எடுக்க வேண்டுமா? தொந்தரவு செய்யாதவரை வேண்டாம். எடுத்தால் ரத்த இழப்பும் உண்டு, ஆன்டிபாடியும் ஏறும். மருந்துக்கு அடங்காத வலி, காய்ச்சல், தொற்று இருந்தால் எடுப்பார்கள், அல்லது ரத்தக் குழாயை உள்ளிருந்தே அடைப்பார்கள்.

அடுத்த மாற்றுக்கான கதவை மூடாமல்

ரத்தம் ஏற்றுவதை முடிந்தவரை தவிருங்கள். ஒவ்வொரு பாட்டிலும் புது ஆன்டிபாடிக்கு வாய்ப்பு. இரும்பு ஊசி, எரித்ரோபொய்ட்டின் கொண்டு ஹீமோகுளோபினை 10-க்கும் 11.5-க்கும் நடுவில் வைத்தால் பெரும்பாலும் தேவைப்படாது. தவிர்க்கவே முடியாவிட்டால் வெள்ளணு நீக்கிய ரத்தம் கேளுங்கள்.

ஃபைலைத் தேடி எடுங்கள்: உங்கள் எச்எல்ஏ (திசுப் பொருத்தம்) ரிப்போர்ட், முதல் கொடையாளரின் எச்எல்ஏ ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, எல்லா பயாப்ஸியும், பிகே வைரஸ் பரிசோதனை, பழைய ஃபிஸ்டுலா குறிப்பு. முதல் மாற்று வேலூரிலோ சென்னையிலோ நடந்திருந்தால் இப்போதே எழுதிக் கேளுங்கள். முதல் கொடையாளரின் எச்எல்ஏ தெரியாமல் அடுத்தவரைப் பொருத்திப் பார்ப்பது பாதிக் கண்ணால் பார்ப்பது. இறந்தவர் தானத்துக்கு மும்பையில் இசட்டிசிசி (மண்டல உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு மையம்) பட்டியலில் ஆஸ்பத்திரி வழியாகப் பதிய வேண்டும். உறவினர் தானத்தில் 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தம் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தியையும் நெருங்கிய உறவாகச் சேர்த்தது, இரண்டு குடும்பங்கள் கொடையாளர்களை மாற்றிக்கொள்ளவும் இடம் தந்தது.

பண விஷயத்தில், மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் பூலே மருத்துவத் திட்டத்தில் மெஷின் டயாலிசிஸ் அடங்கும். மகாராஷ்டிர ரேஷன் கார்டோ டொமிசைல் சான்றிதழோ வேண்டும். பெயர் இன்னும் திருநெல்வேலி ரேஷன் கார்டிலேயே இருந்தால், அதைச் சரிசெய்யும் வேலையை ஈஜிஎஃப்ஆர் 20-இல் தொடங்குங்கள், படுத்த பிறகு அல்ல. ஆஸ்பத்திரியில் ஆரோக்கியமித்ரா என்ற மேஜையில் இருப்பவரிடம் காகிதப் பட்டியல் கிடைக்கும். 2016-இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டம் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு இலவசம். வைத்தியத்துக்காக ஊருக்கு ரயிலில் போகும்போது கிட்னி நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் 75 சதவீதச் சலுகை உண்டு, டாக்டர் சான்றிதழ் ரயில்வே படிவத்தில் இருக்க வேண்டும்.

மழைக்காலத்துக்கு இப்போதே ஒரு ஏற்பாடு. கடலேற்றம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி மழைக்கு முன்பே வெளியிடும். அதை டயாலிசிஸ் அட்டையோடு ஒட்டிவையுங்கள். அந்த நாளில் பெருமழையும் சேர்ந்தால் கிங்ஸ் சர்க்கிளிலும் ஹிந்த்மாதாவிலும் தண்ணீர் நிற்கும், வண்டி போகாது. மழை எச்சரிக்கை வந்ததும் முந்தின நாளுக்கு மாற்றிக் கேளுங்கள். மாட்டிக்கொண்டால் தண்ணீரை அரை லிட்டருக்குக் குறைத்து, பழம், கீரை, பருப்பை நிறுத்தி, வெறும் சோறும் கொஞ்சம் மோரும் போதும். பொட்டாசியம் இறக்கும் பொடி டாக்டர் எழுதித் தந்தது இரண்டு நாளுக்கு வீட்டில் இருக்கட்டும். கால் துவண்டாலோ, நெஞ்சு தாறுமாறாக அடித்தாலோ, படுக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ உங்கள் சென்டரைத் தேடாதீர்கள், பக்கத்தில் இசிஜி எடுக்கும் எந்த கேஷுவாலிட்டியானாலும் போய், "டயாலிசிஸ் பேஷண்ட், பொட்டாசியம் பாருங்க" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வயிற்று டயாலிசிஸ்காரர்கள் ஜூன் பிறப்பதற்குள் பத்து நாள் பையைக் கூடுதலாக வாங்கி, தண்ணீர் ஏறாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.